காலில் போட்ட முதல்

படுவான்கரை ஊர்களில் பொழுதுபட்டதும் மத்தளம் கேட்டால், பெரும்போக நெல் வீடு சேர்ந்துவிட்டது என்று பொருள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் பகலெல்லாம் வயலில் நின்ற மனிதர்கள் இரவில் மணலில் நின்று கூத்துப் பழகுவார்கள். கூத்தை ரசிக்கவும், ஒரு காரியத்தில் காலத்தையும் பணத்தையும் எப்படி இடுவது என்று அறியவும் நான் கற்றது அந்த இரவுகளில்தான்.

கூத்துப் பழக்கும் குரு அண்ணாவியார். உயரம், குரல், நடை பார்த்து ஆளுக்கொரு பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டைக் கையில் கொடுப்பார். அதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். பிறகு மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும். கால் தேறிய பின் சதங்கை அணி விழா, அதன்பின் கிழமைக் கூத்து, முழுக்கூத்தையும் கோத்துப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். எல்லாம் ஓர் இரவு அரங்கேற்றத்துக்காக.

சிறுவனாக இருந்தபோது இரண்டாம் கிழமையே சதங்கை கேட்டு நின்றேன். "தாளம் முதல்ல காலுக்குள்ள இறங்கட்டும் மனே, சதங்கையைப் பிறகு கட்டலாம்" என்றார் அண்ணாவியார். அப்போது அழுகை வந்தது. பின்னாளில் கூர்ந்து கேட்டபோது விளங்கியது. வெறுங்கால் பிசகினால் மணலுக்கு மட்டுந்தான் தெரியும். சதங்கைக்கால் பிசகினால் ஊருக்கே கேட்கும். தேறாத காலுக்குச் சதங்கை கடன் வாங்கிய பகட்டு. கையில் இல்லாத பணத்தில் ஆடம்பரம் செய்ய நினைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் எனக்குக் கேட்கும்.

அண்ணாவியாரும் கமக்காரர். அறுவடை முடிந்ததும் விதைநெல்லை முதலில் ஒதுக்குவார், பிறகு வீட்டுக்கு, அதன் பிறகே கூத்துச் செலவுக்கு. அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. பெருமைக்காக விதைநெல்லைக் குத்தி உண்பவன் அடுத்த போகத்தில் பிறர் வாசலில் நிற்பான் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, சாக்கைக் கட்டிவைத்துக் காட்டினார்.

அரங்கேற்றம் வட்டக்களரியில் நடக்கும். நாலு பக்கமும் சனம். ஒளிந்துகொள்ள இடமில்லை. வடமோடிப் பாணி என்றால் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதை. கனத்த கிரீடமும் விரிந்த கரப்புடுப்பும் சுழல, வீரம் நிலத்தை மிதிக்கும். தென்மோடிப் பாணியில் உடை இலேசு, பாட்டு இழுத்து நெளியும், ஆட்ட நுணுக்கம் கூடும். இரண்டிலும் என் கண் அரசன் மேலே நில்லாது, நடுவே மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரிடமே போகும். ஆடுகிறவன் களைத்தால் அவர் அடி அவனைத் தூக்கும், அவன் விரைந்தால் இழுத்துப் பிடிக்கும். விடியற்காலையில், கண் சிவந்து குரல் கம்மிய பிறகும் அடி தப்பாமல் வருகிறானே, அங்கேதான் மாதக்கணக்கான உழைப்பின் விளைச்சலைப் பார்க்கிறோம். முதல் சாமத்தில் எவனும் நன்றாக ஆடுவான்.

இப்படிக் காலில் போடும் முதல் எவ்வளவு தூரம் பெருகும் என்பதற்கு மட்டக்களப்பின் வந்தாறுமூலை ஊர் சாட்சி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' மேடையேற்றியபோது ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். விடியவிடிய ஆடும் கூத்து நகர மேடைக்காகச் சுருங்கியது. விடியற்காலைக் களைப்பின் அழகு அதில் இல்லை என்பது என் குறை. ஆனால் படித்தவர் உலகம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அப்படித்தான். அக்காலத்து மாணவர்களில் ஒருவரான மட்டக்களப்பின் சி. மௌனகுரு பின்னர் கூத்தை ஆராய்ந்து பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புதிய தலைமுறைக்குப் பழக்கினார். அந்தப் பல்கலைக்கழகம் நிற்பது வந்தாறுமூலையில். செல்லையா அண்ணாவியார் பேராதனையில் விதைத்தது அவர் ஊர் மண்ணிலேயே மறுபடி முளைத்தது.

எனக்குப் பழக்கியவர் கடைசிக் காலத்தில் எழுந்து நிற்க முடியாமல் பாயில் இருந்தார். முற்றத்தில் பையன்கள் பழகினார்கள். அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டபடி இருந்தன. ஒருவன் அடி தப்பியபோது விரல் நின்றது. அவன் அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே, முதலிலிருந்து தொடங்கினான்.