எஞ்சிய இடம் யாருக்கு?
தொலைக்காட்சித் துணைச் சேவைகள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

தொலைக்காட்சி நிலையமொன்றின் போக்கினை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் மாலைநேர நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்வர். செய்தியும் நாடகமும் விளையாட்டும் முன்னிற்கும் அந்நேரத்தில், நிலையம் தன்னை எவ்வாறு காட்ட விரும்புகின்றது என்பதை அறியலாம். ஆனால் அது உண்மையில் யாரை மதிக்கின்றது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் கையில் எஞ்சிக் கிடக்கும் இடத்தை அது எதற்குப் பயன்படுத்துகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். இலக்கமுறை ஒளிபரப்பு அத்தகைய எஞ்சிய இடத்தைப் பெருமளவில் உண்டாக்கியுள்ளது. அவ்விடம் பிற நாடுகளில் எவ்வாறு நிரப்பப்பட்டது, எமது நாட்டில் எவ்வாறு நிரப்பப்படக்கூடும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இதன் தொழில்நுட்ப அடிப்படையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். பழைய அனலொக் முறையில் ஓர் அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சியே செல்லும். இலக்கமுறையிலோ படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கப்படுவதால், அதே அகலத்தில் பல நிகழ்ச்சிகள் ஒருங்கே செல்ல இயலும். அமெரிக்க முறையில் 6 மெகாஹேட்ஸ் அகலமுடைய ஓர் அலைவரிசை, செக்கனுக்கு ஏறத்தாழ 19 மில்லியன் பிட் தகவலைச் சுமக்கின்றது. எனவே ஏழாம் இலக்க நிலையம் 7.1, 7.2, 7.3 எனப் பலவாகக் கிளைக்கின்றது. யப்பானிய முறையில் ஓர் அலைவரிசை 13 துண்டங்களாகப் பிரிக்கப்படுகின்றது. அவற்றுள் ஒன்று கையடக்கக் கருவிகளுக்குரியது; ஏனைய 12 துண்டங்களில் உயர்தெளிவுச் சேவை ஒன்றையோ, சாதாரண தெளிவுடைய சேவைகள் மூன்றையோ அனுப்பலாம். இவ்வாறு கிளைக்கும் மேலதிகச் சேவைகளையே ஈண்டுத் துணைச் சேவைகள் என்கிறோம்.

அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் 2009 யூன் 12இல் அனலொக் ஒளிபரப்பைக் கைவிட்டன. துணைச் சேவைகளால் உள்ளூர்ச் செய்தியும் உள்ளூர்க் கல்வியும் பெருகுமென அக்காலத்தில் எதிர்பார்த்தோர் பலர். நடந்தது வேறு. உள்ளூர் நிலையங்கள் பல, தமது துணைச் சேவைகளை நாடளாவிய வலையமைப்புகளுக்கு விட்டுக்கொடுத்தன. அவ்வலையமைப்புகளோ பழைய தொடர்களையும் பழைய திரைப்படங்களையும் மலிந்த விலைக்குப் பெற்று மறுபடியும் ஒளிபரப்பின. 2011 சனவரி முதலாந் திகதி தொடங்கிய 'அன்ரெனா ரீவி' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வானிலைக்கென 2004இல் தொடங்கிய 'என்பிசி வெதர் பிளஸ்' என்ற சேவையோ 2008இல் நின்றுபோயிற்று. பெயர் உள்ளூர் நிலையத்தினது, இடமும் அதனது, உள்ளடக்கம் மட்டும் எங்கிருந்தோ வருவது என்ற நிலை தோன்றியது.

எனினும் இதனை முற்றாகப் பழித்தலும் பொருந்தாது. 2017 சனவரி முதல், பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் பல தமது துணைச் சேவையொன்றில் சிறுவர் நிகழ்ச்சிகளை 24 மணிநேரமும் வழங்கத் தொடங்கின. கேபிளுக்குப் பணங்கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும் பேறாகும். கலிபோர்னியாவிலும் ரெக்ஸாசிலும் வியட்நாமிய மக்கள் தம் மொழியில் நிகழ்ச்சிகளைக் காண்பதற்கும் துணைச் சேவைகளே வழிவகுத்தன. ஆகவே தொழில்நுட்பம் தன்னளவில் நன்றோ தீதோ அன்று. நிலையத்தின் நோக்கமும், அதன்மீது சமூகம் சுமத்தும் கடப்பாடுமே பயனைத் தீர்மானிக்கின்றன.

தமிழருக்கு அண்மித்த உதாரணம் சிங்கப்பூரில் உள்ளது. அங்கு 2000ஆம் ஆண்டு முதல் 'சென்ட்ரல்' என்னும் ஒரே அலைவரிசையைச் சிறுவர் நிகழ்ச்சி, கலை நிகழ்ச்சி, தமிழ் நிகழ்ச்சி ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. 2008 ஒக்டோபரில் தமிழ்ப் பகுதி பிரிந்து, 'வசந்தம்' எனத் தனிச் சேவையாயிற்று. நேரப் பங்கு சேவையாக வளர்ந்த பின்னரே உள்ளூர் நாடகங்களுக்கும் உள்ளூர் நடப்பு நிகழ்ச்சிகளுக்கும் போதிய இடம் கிடைத்தது. தமிழுக்கு உத்தியோக மொழி அந்தஸ்து உண்டென்பதும், பொதுப்பணம் அதற்கு ஒதுக்கப்பட்டதென்பதும் இவ்வளர்ச்சியின் பின்னணியில் மறக்கப்படலாகாது.

இனி எமது நாட்டிற்கு வருவோம். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் யப்பானின் உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. 1980களில் யாழ்ப்பாணக் குடாநாட்டவர் வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயர்ந்த கம்பங்களை நட்டு, கடலுக்கப்பால் இருந்து வந்த தூரதர்சன் ஒளிபரப்பைத் தேடியதை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். பனிபெய்யும் திரையிலே தமிழைத் தேடிய அச்செயல் வெறும் பொழுதுபோக்கு ஆசையாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. தம் நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் போதாமையே அதன் மறுபக்கமாகும்.

1999இல் ரூபவாஹினி 'சனல் ஐ' என்னும் இரண்டாவது சேவையைத் தொடங்கியது. ஆங்கில நிகழ்ச்சிகளும் கிரிக்கெட் ஆட்டங்களும் அதில் இடம்பெற்றன. பின்னர் 'நேத்ரா' என்னும் தமிழ்ச் சேவை அதே அலைவரிசையில் நேரப் பங்கீட்டு முறையில் அமைந்தது. இஃது இலக்கமுறைத் துணைச் சேவை அன்றாயினும், அதன் தத்துவம் ஒன்றே: முதன்மைச் சேவைக்கு வேண்டாத இடத்தில் வேறொரு சேவையை அமர்த்துதல். ஓரலைவரிசையை இருவர் பங்கிடும்போது, விளையாட்டு நீண்டால் எந்த நிகழ்ச்சி ஒதுங்கவேண்டும் என்ற வினா எழாமற் போகாது. பங்கு என்பது உரிமையாக எழுதப்படாத இடத்து அது தயவாகவே நிற்கும். இவ்விடர்ப்பாட்டை நீக்கவல்லது இலக்கமுறை. ஆட்டம் ஒரு சேவையிலும் தமிழ் மற்றொரு சேவையிலும் ஒரே வேளையில் செல்லலாம். யப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனம், நீண்டுவிட்ட நிகழ்ச்சியைத் துணைச் சேவைக்கு மாற்றி, அட்டவணைப்படி வரவேண்டியதை முதன்மைச் சேவையில் தொடர்வதற்கு இவ்வசதியைக் கையாண்டுள்ளது.

எஞ்சிய இடம் எத்துணைப் பயன்தரும் என்பதற்கு 2020ஆம் ஆண்டு சான்று பகரும். பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது 'குரு கெதர' என்ற திட்டத்தின்கீழ்ச் சனல் ஐயும் நேத்ராவும் சிங்களத்திலும் தமிழிலும் பாடங்களை ஒளிபரப்பின. இணைய வசதியற்ற வீட்டினுள்ளும் ஆசிரியர் குரல் நுழைந்தது. இடர்க்காலத்தில் இயலுமாயிருந்த ஒன்று, ஏனைய காலத்தில் ஏன் நிலையான சேவையாகக் கூடாது என்பதே எமது வினா.

இலங்கை 2014இல் யப்பானிய இலக்கமுறையைத் தெரிவுசெய்தது. எனினும் மாற்றம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஒளிபரப்புப் பணியையும் நோக்கமாகக் கொண்டு எழுப்பப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரம் 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பெரிதும் உல்லாசப் பயணிகளின் காட்சியிடமாகவே விளங்குகின்றது. இத்தாமதத்தை ஒருவகையில் வாய்ப்பாகவும் கொள்ளலாம். சேவைகள் பங்கிடப்படுவதற்கு முன்னரே அவற்றின் நோக்கம் பற்றிப் பேசுவதற்குக் காலம் உண்டு.

ஆனால் பிறரைக் குறைகூறி அமைதல் விமர்சனமாகாது. எமக்கெனத் தனிச் சேவைகள் கிடைத்தபோது நாம் செய்தது யாது? 1998இல் 'சக்தி'யும், 2009இல் சுயாதீனத் தொலைக்காட்சியின் 'வசந்தம்' சேவையும் தோன்றின. செய்தியிலும் உரையாடல்களிலும் அவை ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. எனினும் அவற்றின் நேரத்திற் பெரும்பகுதியை இந்தியத் திரைப்படங்களும் தொடர்களுமே கவர்ந்துகொண்டன. முன்பு கம்பம் நட்டுத் தேடியதைப் பின்பு கம்பமின்றியே பெற்றோம் என்பதே பல மணிநேரங்களைப் பொறுத்தவரை உண்மை. அமெரிக்க உள்ளூர் நிலையங்களுக்கு நேர்ந்த கதிக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. வாங்குதல் ஆக்குவதிலும் மலிவு என்னும் ஒரே பொருளாதாரக் காரணம் ஈரிடத்தும் தொழிற்படுகின்றது.

மலிவே விதியென்று கூறி ஒதுங்குவாருக்கு இலங்கை வானொலியின் வரலாறு விடையளிக்கும். அதன் தமிழ் வர்த்தக சேவை திரைப்பாடல்களாலும் விளம்பரங்களாலும் வாழ்ந்தது. எனினும் அச்சேவையிலிருந்தே சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர் நாடகம் எழுந்து, ஈழத்துப் பேச்சுவழக்கை வீடுதோறும் கொண்டுசென்றது. வணிக இடத்திலும் மண்ணின் ஆக்கம் வேரூன்றலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆக்குவோரும், அவர்களுக்கு இடமளிக்கும் துணிவுடையோரும் ஒருங்கே அமைதலே வேண்டுவது.

ஆக்குவோர் எங்குளர் என்போர் மருதனார்மடச் சந்தியில் அரைநாள் நிற்பாராக. காங்கேசன்துறை வீதியில் அமைந்த அச்சிற்றூரிலே, 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பெண்கள் கல்லூரி உண்டு. பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்வியும் அங்கே நடைபெறுகின்றது. இசையும் நடனமும் பயிலும் மாணவர் ஆண்டுதோறும் அரங்கேறுகின்றனர். அருகே மரக்கறிச் சந்தை. அதிகாலையில் அங்கு தீர்மானமாகும் விலையே சுற்றயற் கமக்காரனின் அன்றைய வாழ்வைத் தீர்மானிக்கின்றது. மாணவரின் கச்சேரி, சந்தையின் விலை, வெங்காயச் செய்கைக்குரிய ஆலோசனை, 2008இல் நிஷா புயலின்போது குடாநாடு கண்டதைப் போன்ற வெள்ளம் பற்றிய முன்னறிவிப்பு: இவை யாவும் ஒரு துணைச் சேவைக்குப் போதிய பொருளன்றோ? கொழும்பின் முதன்மைச் சேவையில் வெங்காய விலைக்கு இடமிராது. அதனை நாம் குறைகூறவும் இயலாது. துணைச் சேவையின் நியாயமே அங்குதான் பிறக்கின்றது.

இவை யாவும் இன்று யூரியூப்பில் கிடைக்கின்றனவே என ஒருவர் வினவலாம். குடாநாட்டு இளைஞர் அவ்வழியில் ஆற்றும் முயற்சிகள் பாராட்டத்தக்கன. எனினும் அங்கு பார்வையாளர் தொகையே நடுவர். தரவுக்குப் பணமுள்ளவனே பார்வையாளன். பொதுச்சொத்தாகிய அலைவரிசையைப் பயன்படுத்தும் நிலையத்திடம் நாம் கடப்பாட்டைக் கோரலாம். தனியாரின் தளத்திடம் அவ்வாறு கோர இயலாது.

ஆகவே எத்தனை தமிழ்ச் சேவைகள் என எண்ணுவதை விடுத்து, எத்தனை மணிநேரம் இம்மண்ணில் ஆக்கப்பட்டது என எண்ணுதல் வேண்டும். இலக்கமுறை உரிமங்கள் வழங்கப்படுங்கால், ஒவ்வொரு பிரதேசத்திற்கும் ஒரு துணைச் சேவையும், அதில் உள்ளூர் ஆக்கத்திற்கு ஒரு குறைந்தபட்சப் பங்கும் எழுத்தில் உறுதிசெய்யப்படல் வேண்டும். அந்நாள் வருமுன் நிகழ்ச்சிகளை ஆக்கிப் பழகுதல் எமது பல்கலைக்கழகங்களின் கடமை. இடம் கிடைத்த பின்னரே பொருள் தேடத் தொடங்குவோமாயின், அவ்விடத்தைப் பிறர் பொருளே நிரப்பும். அப்போது குறைகூறும் உரிமையும் எமக்கு இராது.