உச்சமும் எல்லையும்: மீநாயகர் ஆற்றலை மதிப்பிடும் முறை

முன்னுரை

சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் வெல்பவர் யார் என்னும் வினா அமெரிக்கச் சித்திரக்கதை வாசகரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. சிறுவர் விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் திறனாய்வுச் சிக்கல் ஒன்று அடங்கியுள்ளது. புனைகதை மாந்தரின் ஆற்றலுக்கு எதைச் சான்றாகக் கொள்வது என்பதே அது. வாதிடுவோர் பெரும்பாலும் ஒரு மாந்தர் நிகழ்த்திய மிகப்பெரிய செயலையே சான்றாகக் காட்டுவர். அம்முறை கதையைப் பிழைபட வாசிக்கச் செய்கிறது என்றும், ஆற்றலின் எல்லையே நம்பத்தகுந்த சான்று என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

எந்தச் சூப்பர்மேன்?

1938இல் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அறிமுகப்படுத்திய சூப்பர்மேன் பறக்கவில்லை. உயர்ந்த கட்டடங்களைத் தாவிக் கடந்தான். பிற்காலக் கதைகளில் அவன் கோள்களையே இடம்பெயர்த்தான். 1986இல் ஜான் பைர்ன் அப்பாத்திரத்தைப் புதிதாக வார்த்தபோது அவ்வாற்றல் வெகுவாகக் குறைக்கப்பட்டது. இம்மூன்று நிலைகளையும் ஒன்றாக்கி வாதிடுவது, பாடவேறுபாடுகளைக் கருதாமல் பல சுவடிகளின் அடிகளை ஒட்டிப் புதுப்பாட்டு ஒன்றை உருவாக்குவதை ஒக்கும். எக்காலத்துக் கதை என்று வரையறுப்பதே மதிப்பீட்டின் முதற்படியாகும்.

எண்ணும் வாக்கும்

1983இல் மார்வெல் நிறுவனம் தன் கதைமாந்தர் பற்றிய கையேட்டை வெளியிடத் தொடங்கியது. அதில் உடல்வலிமை, தூக்கக்கூடிய எடையால் அளக்கப்பட்டது. ஸ்பைடர்மேனுக்கு 10 டன். ஹல்க்குக்கு 100 டன்னுக்கும் மேல். எண் துல்லியமானதாகத் தோன்றினும், சினம் மிகுந்தோறும் பெருகும் ஹல்க்கின் வலிமையை நிலையான ஓர் எண்ணில் அடக்க இயலாது. 1996இல் மார்வெலும் டிசியும் இணைந்து வெளியிட்ட தொடரில் ஐந்து மோதல்களின் முடிவு வாசகர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வொண்டர் வுமனை ஸ்டார்ம் வென்றாள். அவ்வாக்கெடுப்பு அளந்தது ஆற்றலை அன்று, வாசகர் விருப்பத்தையே.

உச்சச் செயலின் பொருள்

ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகியோர் படைத்த ஸ்பைடர்மேன் தொடரின் 33ஆம் இதழ் 1966ஆம் ஆண்டுக்குரியது. அதில் நாயகன் ஒரு பேரியந்திரத்தின் அடியில் சிக்கிக் கிடக்கிறான். அத்தையின் உயிர்காக்கும் மருந்து கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறது; நீர் பெருகி வருகிறது. பலமுறை தோற்றபின் அவன் இயந்திரத்தைத் தூக்கி எறிகிறான். இயந்திரத்தின் எடையைக் கணக்கிட்டு அதுவே அவனது இயல்பான வலிமை என்று கொள்வோர், காட்சியின் பொருளையே இழந்துவிடுகின்றனர். எப்போதும் இயலும் செயல் எனின், அங்கே துன்பமும் இல்லை, வெற்றியும் இல்லை. தன் எல்லையை மீறுவதால்தான் அச்செயல் உச்சமாகிறது. எனவே அது விதிவிலக்கு; விதி அன்று.

ஒரு மறுப்பு

வெற்றியைக் கதாசிரியரே தீர்மானிப்பதால் இவ்விவாதம் வீண் என்பர். ஓரளவு உண்மையே. ஆயினும், படைப்பாளரும் எல்லையை மதித்தே எழுத வேண்டியுள்ளது. 1976இல் இரு நிறுவனங்களும் இணைந்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் மோதவிட்டபோது, ஸ்பைடர்மேன் வெறுங்கையால் சூப்பர்மேனைத் தாக்கி வீழ்த்துவதாக எழுதிவிட முடியவில்லை. லெக்ஸ் லூதர் செலுத்திய செஞ்சூரியக் கதிர்வீச்சு அவனுக்குத் தற்காலிக வலிமை தருவதாகக் காரணம் கற்பிக்க நேர்ந்தது. கதிர்வீச்சின் விளைவு நீங்கியதும் அவன் அடிகள் பயனற்றுப்போகின்றன. எல்லை பொருளற்றதாயின் இக்காரணமே தேவைப்பட்டிராது.

முடிவுரை

மதிப்பீட்டுக்கு மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. கதையின் காலத்தை வரையறுத்தல் ஒன்று. ஒருமுறை நிகழ்ந்ததைவிட மீண்டும் மீண்டும் நிகழ்வதற்கு முதன்மை தருதல் மற்றொன்று. மாந்தர் எங்கே தடுமாறுகிறார் என்று காணுதல் மூன்றாவது. இவற்றின்படி நோக்கினால் தொடக்க வினாவின் வடிவமே மாறுகிறது. 1986க்குப் பிந்தைய சூப்பர்மேன், ஹல்க்கின் சினம் முற்றுவதற்குள் போரை முடித்துவிட இயலுமா என்பதே கேட்கத்தக்க வினா. இதற்கு இருவர் இருவேறு விடை கூறலாம். ஆனால் இருவருமே கதையைப் படித்துத்தான் விடை கூற இயலும்.