பாவமும் குற்றமும்

வயதுவந்த ஆடவர் இருவர் மனமொத்துத் தனிமையிற் கொள்ளும் ஓரினச் சேர்க்கை குற்றமாதல் கூடாதென 1957 இல் இங்கிலாந்தின் வுல்ஃபண்டன் குழு அறிக்கை கூறியது. பொது ஒழுக்கம் தளரின் சமுதாயமே சிதையுமென நீதிபதி டெவ்லின் 1959 இல் அதனை மறுத்தார். அச்சிதைவுக்கு அவர் தக்க சான்று காட்டினாரல்லர். இச்செயலைப் பாவமெனவே கொண்ட கன்ரபரிப் பேராயர் இராம்சேயும் 1965 இல் பிரபுக்கள் சபையிற் சட்டத்திருத்தத்தை ஆதரித்தார். பாவத்தைக் கண்டித்தல் சமயத்தின் கடன். சிறையிலிடுதல் அதன் கடனன்று என்பது இதனாற் பெறப்படும். 1967 இல் இங்கிலாந்து தன் சட்டத்தைத் தளர்த்தியது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1883 இல் எழுந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவோ அதன் பின்னரும் நிலைபெற்றது. அந்நியர் இட்ட விலங்கை நம் முன்னோர் மரபெனப் போற்றுவோர் இதனைச் சிந்திப்பாராக.