மாதவி எழுதாத திருமுகம்: இலக்கிய வகுப்பில் ஆக்கப் பயிற்சி

இலக்கியங் கற்பிக்கும் வகுப்பிலே மாணவரை ஆக்கஞ் செய்யத் தூண்டுதல் வேண்டும் என்னுங் கொள்கை இன்று பெரிதும் வற்புறுத்தப்படுகின்றது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டின் பொருட்டு ஆசிரியர் கொடுக்கும் ஒப்படைகளுள் ‘கற்பனை செய்து எழுதுக’ என்பது இடம்பெறாத தவணை அரிது. கொள்கை நன்றே. ஆயின் அவ்வாறு எழுதப்பட்டதை யாங்ஙனம் மதிப்பிடுவது, அதனால் மூலநூற் கல்விக்கு விளையும் பயன் யாது என்னும் வினாக்களை நாம் போதிய அளவு எழுப்பினோமல்லேம். சிலப்பதிகாரத்தில் வரும் இரண்டு திருமுகங்களையும், அவற்றை வைத்து யான் உயர்தர வகுப்பிற் கொடுத்த ஓர் ஒப்படையையும் கொண்டு அவ்வினாக்களை ஆராய விழைகின்றேன்.

ஆக்கப் பயிற்சி மேனாட்டிலிருந்து நேற்று வந்தது எனக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லுதல் நம் புலவர் மரபில் நெடுங்காலம் நிலவிய பயிற்சி. காளமேகம் முதலாயினோரைப் பற்றி வழங்குங் கதைகள் பல அதனையே சுற்றி எழுந்தவை. அப்பயிற்சியாற் பிறந்த பாட்டுக்களிற் பெரும்பாலானவை சொல்விளையாட்டே என்று இன்று குறைகூறுவது எளிது. எனினும் அதற்கொரு சிறப்பிருந்தது: பாடுவோன் தன் மனம்போனபடி பாடவியலாது. கொடுத்த அடி அவனைக் கட்டும். அக்கட்டே அவனைச் சிந்திக்கச் செய்யும். நாம் இன்று கொடுக்கும் ஒப்படைகளில் அக்கட்டு அவிழ்ந்துவிட்டது. ‘நிலவைப் பற்றி எழுதுக’ என்றால் மாணவன் எதனையும் படிக்காமலே எழுதிவிடுவான். இக்காலத்தில் அவன் எழுதவும் வேண்டியதில்லை; கைப்பேசியைக் கேட்டால் நிலவும் கண்ணீரும் நொடிப்பொழுதில் வந்து குவியும்.

பழைய கதையைப் புதிதாக எழுதிய சிறந்த எழுத்தாளர்களை நோக்கினும் இக்கட்டின் இன்றியமையாமை புலப்படும். புதுமைப்பித்தன் 1943-ஆம் ஆண்டில் எழுதிய ‘சாப விமோசனம்’ இராமாயணத்தின் ஒரே ஓரிடத்தை அழுத்திப் பிடித்தமையாற் பிறந்தது. அகலிகைக்கு வாழ்வளித்தவன் சீதையைத் தீக்குளிக்க விட்டது எவ்வாறு பொருந்தும் என்பதே அவ்விடம். இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்துப் படித்தவனுக்கன்றி அக்கதை தோன்றியிராது. அதிலே கற்பனை உண்டு. அதனினும் மிகுதியாக வாசிப்பு உண்டு.

இனி ஒப்படைக்கு வருவோம். கானல் வரியிலே கோவலனும் மாதவியும் ஊடிப் பிரிகின்றனர். அடுத்த வேனிற் காதையிலே மாதவி ஒரு திருமுகம் வரைந்து வயந்தமாலை கையிற் கொடுத்து விடுகின்றாள். கோவலன் அதனை மறுக்கின்றான். மாலையில் வாராராயினும் காலையிற் காண்போம் என்று சொல்லி, மலரமளியிலே துயிலின்றிக் கிடக்கின்றாள் மாதவி. அவ்விரவிலே அவள் மீண்டும் ஒரு திருமுகம் எழுதியிருந்தால் அஃது எவ்வாறு இருந்திருக்கும் என்பதே யான் மாணவருக்குக் கொடுத்த பொருள். இருபதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகள் மாதவியாகி எழுதினர். பெரும்பாலார் எழுதியவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிலவு சுட்டது, தென்றல் வருத்தியது, அன்னமும் கிளியும் தூது சென்றன. அவற்றுள் உவமைகள் செறிந்து, ஓசை நயத்தோடு அமைந்த ஒன்றுக்கு யான் இருபதிற் பதினெட்டுப் புள்ளி இட்டேன். வகுப்பிலே படித்துங் காட்டினேன்.

ஒரு மாணவன் அரைப்பக்கமே எழுதியிருந்தான். நிலவு இல்லை, தென்றல் இல்லை. பிள்ளை உறக்கத்தில் விழித்து உங்களைத் தேடுகின்றாள், விளக்கை அணைக்க விடுகின்றாளில்லை, அவளுக்கு யான் யாது சொல்வது என்ற அளவில் அது முடிந்தது. ‘அணிநயம் இல்லை, கூறும் பொருள் நூலில் இல்லை’ என்று சிவப்பு மையால் எழுதி ஏழு புள்ளி இட்டேன். அடுத்த நாள் அவன் கொப்பியோடு வந்து கேட்டதை அவன் சொன்னபடியே தருகின்றேன்: “சேர், நூலில மாதவி பிள்ளையைப் பற்றி ஏன் ஒண்டும் எழுதேல்லை?”

விடை கூற என்னால் இயலவில்லை. அக்காதையைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் யான். அவ்வினாவை ஒருநாளும் கேட்டவனல்லேன். வெளிவாரிப் பட்டத்திற்கு இரவில் விளக்கின் முன்னிருந்து படித்த காலத்திலும் ‘விளக்குக’, ‘ஆராய்க’, ‘நயங் கூறுக’ என்பவற்றுக்கு விடை எழுதப் பழகினேனே யொழிய, நூலில் எது இல்லை என்று நோக்கப் பழகினேனல்லேன். நேரம் போய்விட்டது என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, அன்று மாலை இரண்டு திருமுகங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன்.

முதலாந் திருமுகம் எழுதப்பட்ட முறையையே இளங்கோவடிகள் விரிவாகக் கூறுகின்றார். பலவகை மலராற் கட்டிய கத்திகையின் நடுவே தாழையின் வெண்டோடு; அதுவே ஏடு. பித்திகையின் முகையே எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பே மை. எழுதப்பட்ட செய்தியும் அவ்வேட்டைப் போன்றதே. இளவேனில் இளவரசன், திங்களும் செவ்வையன்று, ஆதலின் பிரிந்தோர் உயிரைக் காமன் தன் மலரம்பாற் கொள்வது வியப்பன்று, இதனை அறிவீராக என்பது அதன் சாரம். இத்திருமுகத்தை எத்துணை முறை படிப்பினும் ஒன்றைக் காணலாம். இதில் ‘யான்’ என்னுஞ் சொல் இல்லை. கூடியோர், பிரிந்தோர் என உலகத்தவர் அனைவரையுஞ் சுட்டும் பொதுமொழி உண்டு. மாதவி என்னும் ஒருத்தி அங்கில்லை. கோவலன் இதனை வாங்காது மறுத்தபோது, அவள் தன்னோடு வாழ்ந்த வாழ்வையெல்லாம் ஆடல்மகளின் நடிப்பெனவே அடுக்கிக் கூறுகின்றான். வாசகத்தைக் கண்டு மறுத்தானல்லன். பூவால் அமைந்த அவ்வேடே அவனுக்கு மேலும் ஒரு நடிப்பாகத் தோன்றிற்று எனக் கொள்ளலாம்.

இரண்டாந் திருமுகம் மதுரைக் காண்டத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில் வருவது. கோசிகன் என்னும் அந்தணன் அதனைக் கொணர்கின்றான். வழிநடையால் உருமாறிய கோவலனை அவன்தானோ என ஐயுற்று, பந்தரிலே வாடிநின்ற மாதவிக் கொடியை விளித்துப் பேசி, அப்பேச்சினாலே கோவலனை அறிந்துகொள்கின்றான். இங்கே பூவேடில்லை, மண்ணிலச்சினை இட்ட ஓலை மட்டுமே உண்டு. இலச்சினையிற் படிந்திருந்த கூந்தலின் நெய்மணம் கோவலனுக்குப் பழைய நாள்களை உணர்த்துகின்றது. மணம் இங்கும் உண்டு. ஆனால் முன்னையது மணக்கவேண்டும் என்று சேர்த்த மணம். இது கையோடும் கூந்தலோடும் வந்த மணம். செய்தி ஆறே அடிகள். அடிகள் முன் வீழ்ந்து வணங்குகின்றேன். தெளிவில்லாத என் சொல்லை மனங்கொள்க. பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் துறந்து, குலப்பிறப்புடையாளோடு இரவிலே நீங்குதற்கு யான் செய்த பிழை யாதென அறியேன். என் நெஞ்சின் துயரைக் களைக என்பது அது. இதன் முதலடியிலேயே ‘யான்’ வந்துவிடுகின்றது. உவமை ஒன்றுமில்லை.

இதனைப் படித்த கோவலன் குற்றம் அவளதன்று, தனதே எனத் தெளிகின்றான். பின்னர் அவன் செய்வது காப்பியத்திலேயே மிக நுண்ணியதொரு செயல். தன் பெற்றோர்க்கு வேறோர் ஓலை எழுதாது, மாதவி எழுதிய அதே ஓலையைக் கோசிகன் கையிற் கொடுத்து, இதன் பொருள் என் பெற்றோர்க்கும் பொருந்தும், இதனையே அவர்க்குக் காட்டுக என்கின்றான். மாதவி கோவலன் அடியில் வீழ்ந்த சொல், கோவலன் தந்தை தாயர் அடியில் வீழுஞ் சொல்லாகின்றது. இரவிலே நீங்கியதும் பெற்றோர் பணியைத் துறந்ததும் பிழையும் அவன் வாயிலிருந்து வரும்போது வேறு பொருள் பெற்று, அவ்வாறே நிற்கின்றன.

இப்பொழுது மாணவன் கேட்ட வினாவை இங்கே வைத்துப் பார்க்க. இரண்டாந் திருமுகத்தில் மணிமேகலையைப் பற்றி ஒரு சொல் இருந்திருப்பின் அவ்வோலை பெற்றோரிடம் மகன் விடுக்கும் ஓலையாக மாறியிராது. அஃது ஒரு காரணம். காப்பியக் கட்டுக்கோப்புப் பற்றியது. மற்றொன்று மாதவியின் பண்பு பற்றியது. பிள்ளையைக் காட்டி ஆடவனை மீட்பது எளிய வழி. எவரும் குறைகூறாத வழியுங்கூட. மாதவி அதனைக் கைக்கொண்டாளில்லை. தனக்கு உரிமை உண்டு என்று ஓரிடத்தும் சொல்லவில்லை. கண்ணகியைக் குலப்பிறப்புடையாள் என்றே குறிப்பிடுகின்றாள். அப்பிள்ளையின் பெயர் பின்னர் அடைக்கலக் காதையிலே பிறர் வாயிலாகவே வருகின்றது. பெயரிட்ட விழாவை மாடலன் நினைவூட்டுகின்றான். மாதவி மணிமேகலையை அறவோன் முன் அளித்ததாகத் தான் கண்ட கனாவைக் கோவலன் உரைக்கின்றான். தாய் எழுதாது விட்ட பெயரைத் தந்தை தன் முடிவு நெருங்கிய வேளையிற் கூறுகின்றான். இத்துணையும் யான் கண்டது அரைப்பக்கம் எழுதிய ஒரு மாணவனால்.

அவன் எழுதியது இளங்கோவின் மாதவிக்குப் பொருந்தாது என்ற என் குறிப்புப் பிழையன்று. ஆனால் பொருந்தாமை எங்கே இருக்கின்றது என்று நோக்கியவன் அவனே. பதினெட்டுப் புள்ளி பெற்ற கட்டுரையிலே பொருந்தாமை ஒன்றுமில்லை, பொருத்தமும் இல்லை. மாதவியின் பெயரை எடுத்துவிட்டுத் தமயந்தியின் பெயரை இட்டால் ஓர் எழுத்தும் மாற்றவேண்டியதில்லை. முதலாந் திருமுகத்தைப் போலவே அதிலும் ‘யான்’ இல்லை. இளங்கோவடிகள் மறுக்கப்பட்ட ஓலையென்று காட்டியதற்கு யான் முதற்பரிசு கொடுத்திருந்தேன்!

புள்ளியைத் திருத்தினேன். அவனை அழைத்துச் சொல்லவுஞ் செய்தேன். ஆயினும் அடுத்த தவணையில், கண்ணகி தேவந்திக்கு எழுதும் மடல் என்னும் ஒப்படைக்கு அவன் கொடுத்ததைப் படித்தபோது என் மனம் வருந்திற்று. இரண்டு பக்கம். முழுமதி இருந்தது; முத்தென உதிருங் கண்ணீர் இருந்தது; அன்னமும் வந்துவிட்டது. வாயாற் சொன்னதை விட முதலில் இட்ட ஏழு புள்ளியையே அவன் நம்பினான். ஆசிரியன் விரும்புவது எது என்பதை மாணவர் மிக விரைவிற் கற்றுக்கொள்வர். அதனைப் போல விரைவில் அவர் கற்பது வேறொன்றுமில்லை.

‘கற்பனை வளம்’, ‘மொழி நடை’ எனத் தலைப்பிட்டுப் புள்ளியைப் பங்கிடும் வழக்கத்தை அதன்பின் விட்டேன். இவ்விரண்டும் வேண்டாதன என்பது என் கருத்தன்று. மூலத்தைப் படியாதவனும் இவற்றிற் புள்ளி பெறலாம் என்பதே குறை. எழுதியதன் கீழ், நூலின் எந்த இடம் இதனை எழுதச் செய்தது, நூலோடு எங்கே முரண்படுகின்றாய், ஏன் என்று ஒரு பந்தி எழுதுமாறு கேட்கின்றேன். பாதிப் புள்ளி அதற்கு. சிலர் இஃது ஆக்கத்தை மீண்டும் வினாவிடையாக்கிவிடும் என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. நன்றாக எழுதிய ஒரு பிள்ளை அப்பந்தியிலே தடுமாறி நிற்பதை யானே கண்டிருக்கின்றேன்.

ஒப்படையையும் மாற்றினேன். மாதவியின் இரண்டாந் திருமுகத்தின் பொருளை உரைநடையிற் கொடுத்து, அதிலே மணிமேகலையைப் பற்றி ஒரேயொரு வாக்கியம் சேர்க்கவும், அதன்பின் கதை எவ்வாறு செல்லும் என எழுதவும் சொன்னேன். ஈற்றடி கொடுத்த பழைய முறைக்கு இஃது ஓரளவு உறவானது. ஒருவன், கோவலன் ஓலையை மடியிற் செருகிக்கொண்டான், கோசிகன் வெறுங்கையோடு திரும்பினான் என எழுதினான். பெற்றோருக்கு அதனை அனுப்ப முடியாது என்பதை அவன் என் உதவியின்றியே கண்டுகொண்டான். வேறொருவனுடைய கோவலன் புகாருக்கே திரும்பிவிட்டான். அவனுடைய கதையில் மதுரை எரியவில்லை; காப்பியமும் இல்லை. அதனை அவனே கடைசி வரியிற் குறித்திருந்தான்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் ஒருவன் சேர்த்த வாக்கியத்தில் மாதவி பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பொருள் கேட்டாள். ஏன் என வினவியபோது, தன் ஊரிலே ஆடுங் கோவலன் கூத்தில் வரும் மாதவி அப்படிப்பட்டவள்தான் என்றான். கோவலன் கதை என நாட்டார் வழக்கில் நிலவும் மரபிலே மாதவி பொருள் பறிக்குங் கணிகையே. அவன் கூறியதிற் பிழையில்லை. இளங்கோ அப்படி எழுதாதது ஏன் என்று யான் கேட்க, எங்கள் ஊரார் அப்படி ஆடுவது ஏன் என்று அவன் கேட்டான். அன்றைய பாடவேளை முழுவதும் அதிலே சென்றது. அவனுக்கு எத்தனை புள்ளி இடுவது என்பதை இன்னும் முடிவு செய்தேனல்லேன்.