ஆகாயகங்கைக்கு 50 எம்எம் போதுமா?

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறவங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை: "கிட் லென்ஸ் வேண்டாம், 50 எம்எம் எஃப்/1.8 போதும்." பாதி சரி. மீதியைக் கொல்லிமலையில் வைத்துப் பார்ப்போம்.

ஃபிலிம் காலத்தில் 50 எம்எம் என்பது இயல்பான பார்வை. கேனானின் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே லென்ஸ் 80 எம்எம் போல நெருக்கிக் காட்டும்.

அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை அருவி. உயரம் 300 அடி என்பார்கள். சென்சாரின் நீளப் பக்கம் சுமார் 22 மிமீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும், 50 எம்எம்மில் முழு அருவியும் அடங்க, தோராயமாக 680 அடி தள்ளி நிற்கணும். மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் அவ்வளவு பின்வாங்க முடியுமா? யாரும் மதிக்காத 18-55 கிட் லென்ஸை 18-இல் வைத்தால் 245 அடி போதும்.

"எஃப்/1.8 வெளிச்சம் அதிகம் வாங்குமே?" வாங்கும். வீட்டுக்குள் குழந்தையை எடுக்க அருமையான லென்ஸ். ஆனால் அருவி பட்டுப்போல் வழிய ஷட்டர் அரை விநாடியாவது திறந்திருக்கணும். பகலில் அதற்கு எஃப்/11-ஐ ஒட்டிய சின்னத் துவாரமும் டிரைபாடும்தான் வேணும். 18 மெகாபிக்ஸலா 24-ஆ என்ற சண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

எதை, எங்கே நின்று எடுக்கப் போறீங்கன்னு முதலில் முடிவு பண்ணுங்க. கடைக்கு அப்புறம் போகலாம்.