பழசுக்கு ஒரு வேலை கொடுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்காத பழஞ்சாமான் குறைவு. பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் தூக்கு, கல்யாணப் பந்திக்குச் சோறு வடித்த அண்டா, வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, பல்லாங்குழி, சரிகை ஒட்டிய ரவி வர்மா படம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். முதல்முறை போகிறவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறுவார். கொஞ்ச நேரத்தில் கண் பழகும். அப்போது ஒன்று புலப்படும்: இங்கே கிடக்கும் எதுவும் அழகுக்காக மட்டும் செய்ததில்லை. தூண் கூரையைத் தாங்கியது. அண்டா ஊருக்குச் சோறு போட்டது. ரவி வர்மாவின் லட்சுமிக்குக்கூட வேலை இருந்தது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களுக்கு அவள் ஒரு முகம் கொடுத்தாள்.

வீட்டைப் பழம்பொருளால் அழகுபடுத்த நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். பழைய சாமான் நிறைந்த வீடெல்லாம் குணமுள்ள வீடாகிவிடாது. ஆகுமென்றால் அந்தக் கடைகளைவிடக் குணமுள்ள வீடு தமிழ்நாட்டில் இருக்காது. கடையில் அவை விலைக்குக் காத்திருக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா உட்கார்ந்திருந்தால் வீடும் கடைதான். என் கட்சி எளிமையானது: வாங்கியதற்கு ஒரு வேலை கொடுங்கள். கொடுக்க வேலை இல்லையா, கடையிலேயே இருக்கட்டும்.

இத்தனை சாமான் ஒரு தெருவுக்கு வந்த கதை சோகமானது. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித்தொழிலில் சேர்த்த பணம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செட்டிநாட்டில் வீடுகளாக எழுந்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்ட வீடுகள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். 1962இல் வந்த ராணுவ ஆட்சி மிச்சம் மீதியைத் தேசியமயமாக்கியது. வருமானம் போயிற்று, வீடு மட்டும் நின்றது. பங்காளிகள் பெருகினார்கள், பாதிப் பேர் வெளியூரில், வெளிநாட்டில். ஓடு மாற்றக்கூட எல்லோருடைய சம்மதமும் வேண்டும். கடைசியில் சில வீடுகளைப் பிரித்து விற்றார்கள். தூண் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம். ஆக, அந்தத் தெருவில் பேரம் பேசும்போது யாரோ ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக்குள்தான் கை வைக்கிறோம். இதை மறந்து வாங்கக் கூடாது. இதற்காக வாங்காமலும் இருக்க வேண்டாம். ஆள் இல்லையென்றால் தூண் விறகாகும், அண்டா உருக்குப் பட்டறைக்குப் போகும்.

அங்கே எனக்கு முதல் பிரியம் பேர் வெட்டிய பாத்திரங்கள் மேல். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வரிசையாகப் பரப்பி உறவினருக்குக் காட்டுவது வழக்கம். வெள்ளி, வெண்கலம், பித்தளை, எனாமல், பின்னாளில் எவர்சில்வர் என்று காலத்துக்கேற்ப உலோகம் மாறும். வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகளை வெட்டுவது மாறாது. பழைய பாத்திரத்தில் அந்த எழுத்து சிற்றுளியால் தட்டித் தட்டிப் போட்ட புள்ளிகளாக இருக்கும். விரலை ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தட்டுப்படும். மின்சாரக் கருவி வந்த பிறகு வெட்டியது மேலோட்டமான கிறுக்கல், பார்த்தாலே தெரியும். புள்ளியெழுத்து வெட்டியவருக்குப் பெரிய படிப்பு இருந்திருக்காது, ஆனால் வளைந்த செம்பின் கழுத்தில் ‘ரா’ எழுதக் கை நடுங்காமல் இருந்திருக்கிறது. இந்த எழுத்துகளைத் தேய்த்து எடுத்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளர்களும் உண்டாம். தங்கள் வீட்டில் அடுத்தவர் பெயர் எதற்கு என்று நினைப்பார்கள் போல. அந்தப் பெயரைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது எடைக்கு எடை பித்தளை. அதற்குப் புதிதே வாங்கலாமே.

எனாமல் சாமான் தனி உலகம். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி 800 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது எனாமல். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்த நீலம் நீலமாகவே இருக்கிறது. பர்மா பணம் புழங்கிய காலத்தில் ஸ்வீடனின் கொக்கும்ஸ் கம்பெனியிலிருந்தும், ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் நாடுகளிலிருந்தும் இவை டஜன் கணக்கில் செட்டிநாட்டுக்கு வந்தன. வாங்கும் முன் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் செக்கோஸ்லோவாக்கியா முத்திரை இருந்தால், அந்த நாடே 1918இல் பிறந்து 1992இன் கடைசி நாளோடு முடிந்தது என்பது பாத்திரத்தின் வயதுக்கு ஒரு வரம்பு கட்டிவிடும். விளிம்பில் கொஞ்சம் உதிர்ந்து கறுப்பு இரும்பு தெரிவது குறையே இல்லை, அடையாளம். ஆனால் உதிர்ந்ததில் புளிக்குழம்பு ஊற்றாதீர்கள். பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியமும் ஈயமும் இருக்க வாய்ப்புண்டு. எனாமல் தூக்கில் சின்ன வெங்காயம் போட்டு வைக்கலாம், தட்டில் சாவிக்கொத்தைப் போடலாம். என் வீட்டு அடுக்குத் தூக்கில் மின்சாரக் கட்டண ரசீதுகள் குடியிருக்கின்றன.

பழையதை எப்படி வைப்பது என்பதற்கு நான் ஆசானாகக் கொள்வது ஜெஃப்ரி பாவாவை (1919–2003). இலங்கைக் கட்டடக் கலைஞர். மதுரை கிளப்பை வடிவமைத்தவரும் அவர்தான். கொழும்பில் 33ஆவது ஒழுங்கையில் வரிசையாக நான்கு சிறு வீடுகள். 1950களின் இறுதியில் அதில் ஒன்றில் குடியேறி, பின் ஒவ்வொன்றாக மற்றவற்றையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். ‘எண் 11’ என்ற அந்த வீடு இன்று அவர் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். உள்ளே நுழைந்ததும் நீண்ட வெள்ளை நடைபாதை. அதன் கோடியில் மேலிருந்து வெளிச்சம் விழும் சிறு முற்றத்தில் நிற்பவை செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து வந்த மரத் தூண்கள். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் வரைந்த கதவுகளும் அந்த வீட்டில் உண்டு. பலகால நண்பர், அவர் வரைந்தது சுவரில் தொங்கும் சட்டமாகாமல் திறந்து மூடும் கதவானது.

அந்த வீட்டின் சூட்சுமம் பொருளில் இல்லை, பொருளைச் சுற்றி அவர் விட்ட இடத்தில் இருக்கிறது. சுவரும் தரையும் வெள்ளை. நடைபாதையில் வேறு அமளி கிடையாது. அதனால் கண் நேராகத் தூணுக்குப் போகிறது, தூண் நம்மை உள்ளே கூப்பிடுகிறது. செட்டிநாட்டில் வரிசையில் ஒன்றாக நின்றது, இங்கே வரவேற்பாளர் வேலைக்கு மாற்றலாகி வந்திருக்கிறது. அதே தூணைப் பத்துப் பொம்மைக்கும் இரண்டு உருளிக்கும் நடுவே நிறுத்தியிருந்தால் அது கிடங்கில் நிற்கும் தூண். காசு இல்லாதவருக்கும் எட்டும் பாடம் இது. ஒரு நல்ல பொருளை வாங்கிவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருப்பவற்றில் ஐந்தைத் தூக்கி வெளியே வைத்தால் போதும்.

இனி என் எரிச்சல்கள். ஓட்டல் வாசலில் உருளியில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிடுவது முதலாவது. பாயசம் கிண்டப் பிறந்த பாத்திரம். கனத்த வெண்கலம், ஒரே சீராகச் சூடு பிடிக்கும், அடி பிடிக்காது. அதைக் கொண்டுபோய்ப் பூக்குளமாக்கி, இப்போது வீட்டுக்கு வீடு அதே காட்சி. விசேஷ நாளில் அதில் ஒருமுறை பால் பாயசம் வைத்துப் பாருங்கள், பிறகு பூவைப் போட மனம் வராது. தையல் மெஷினின் இரும்புக் காலில் பளிங்குப் பலகை வைத்து மேசையாக்குவதைப் பாதி மன்னிக்கலாம், மேசையாவது வேலை பார்க்கிறது. சினிமாக் குடும்பங்களின் வீட்டில் பார்த்துவிட்டு வாங்கும் பித்தளைக் குழல் கிராமபோனை மன்னிக்கவே முடியாது. பளபளக்கும் புதுக் குழல், எங்கிருந்தோ கழற்றிய மோட்டார், போலிச் சின்னம் என்று ஒட்டுப்போட்ட இந்தியத் தயாரிப்புகள்தான் சந்தையில் பெரும்பாலும் சுற்றுகின்றன. பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரர் பேச்சை மாற்றுவார்.

படங்களில் ஏமாறாமல் இருக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது லோனாவ்லா பக்கம் மலவ்லிக்கு இடம் மாறியது. அங்கே கல்லச்சில் வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிறம் ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகளாகச் சிதறியிருக்கும். இன்றைய நகலில் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும், அல்லது புள்ளியே இருக்காது. பணக்கார வீடுகளில் அந்தப் படங்களின் சேலைக்குச் சரிகைத் துணியும் மணியும் ஒட்டி அலங்கரித்தார்கள். தெய்வத்துக்குப் புடவை சாத்தியாயிற்று, அச்சுப்படம் வீட்டுப் படமாயிற்று. அந்தக் கைவேலைக்காகவே நான் அவற்றை மதிக்கிறேன். ரவி வர்மாவுக்கு விலை எட்டவில்லையென்றால் கோவில்பட்டி கொண்டைய ராஜுவைத் (1898–1976) தேடுங்கள். அவரும் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான முருகனும் மீனாட்சியும்தான் இரண்டு தலைமுறைத் தமிழ் வீடுகளின் சுவர்களை ஆண்டார்கள். காலண்டர் படம் என்று இளக்காரமாகப் பார்த்ததால் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது.

நாற்காலி, கடிகாரம் இரண்டுக்கும் நடைமுறைப் பேச்சே போதும். வளைத்த மரத்தில் பிரம்பு பின்னிய பழைய நாற்காலியைப் பார்த்தால் இருக்கையின் உள்விளிம்பில் முத்திரையைத் தேடுங்கள். வியன்னாவின் தோனெட் 1859இல் செய்த 14ஆம் எண் நாற்காலிதான் அந்த வம்சத்துக்கு மூலம். மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார்கள், ஆறே துண்டுகள். பிரம்பு அறுந்ததற்காக ஒட்டுப்பலகை அடிக்காதீர்கள். பின்னித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்வையற்றோர் பலர் இதில் தேர்ந்தவர்கள். சுவர்க் கடிகாரத்தில் பெரும்பாலும் வலப்பக்கத் துளை நேரத்துக்கு, இடப்பக்கத் துளை மணி அடிக்க. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கச் சோம்பல்படுகிறவர் வாங்கவே வேண்டாம். ஓடாத கடிகாரம் மாட்டிய சுவரைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

துலக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போதும். விளக்கின் மடிப்புகளில் தங்கிய கருமையை ஊசியால் தோண்டி எடுக்க வேண்டியதில்லை, அந்தக் கருமைதான் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறது. மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. இருக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சட்டம் அனுமதித்தாலும் நான் ஒப்பாத ஒரு வகை உண்டு. தேர்ச் சிற்பம், கோயில் வாகனத்தின் தலை, மூலவரோ உற்சவரோ என்று சந்தேகம் வரும் எந்தச் சிலையும். சிலைத் திருட்டைத் துப்பறியத் தனிப் பிரிவே 1983இல் அமைக்க வேண்டிவந்த மாநிலம் இது. கோயில் பொருளுக்குக் கோயிலில் வேலை இருக்கிறது. சோபாவுக்கு மேலே தொங்கும் யாளிக்கு என்ன வேலை?

காரைக்குடிக்கு டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை இறக்கிவிடுங்கள். மெட்ரிக் அளவு வந்த பிறகு மேலே ஏறிய படியும் உழக்கும், ஈயம் போன பித்தளைத் தவலையும் அங்கே இருக்கலாம். பேர் வெட்டியிருந்தால் அது யாருடைய பேர், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டி வையுங்கள். பிறகு உழக்கை அரிசி டப்பாவில் போடுங்கள். அரை லிட்டர் டம்ளரைவிட நன்றாகவே அளக்கும்.