கணபுரத்துத் தாலாட்டு: ஸ்ரீராமநவமிச் சிந்தனை

சக்கரவர்த்தித் திருமகனின் திருவவதாரத்தைச் சுக்லபக்ஷ நவமியில் கொண்டாடும்போது, நம் உபந்யாஸங்களில் பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவது பெருமாள் திருமொழியின் எட்டாம் திருமொழி. 'கோசலை பாடிய தாலாட்டு' என்றே அதைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு அத்திருமொழியின் சொற்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஆராய்வது தகும்.

ஸ்ரீவால்மீகி பகவான் பாலகாண்டத்து 18-ஆம் ஸர்க்கத்தில் அவதாரத்தை விளக்குகிறார். சைத்ர மாதம், நவமி திதி, புனர்வஸு நக்ஷத்ரம், கர்க்கடக லக்னம், உச்சத்தில் ஐந்து கிரகங்கள் என்று காலத்தை நுணுக்கமாகக் குறித்த முனிவர், குழந்தைப் பருவத்தைச் சில சுலோகங்களில் கடந்துவிடுகிறார். அதே ஸர்க்கத்தின் இறுதியில் விச்வாமித்ரர் அயோத்தி வாசலுக்கு வந்துவிடுகிறார். தொட்டிலில் கிடந்த ராகவனை அநுபவிக்க ராமாயணத்தில் இடம் மிகக் குறைவு. அக்குறையை நிரப்பவே குலசேகராழ்வார் தாலாட்டினார் என்பர் சிலர். பாசுரங்களோ வேறு வழி காட்டுகின்றன.

பெரியாழ்வாரின் தாலாட்டில் தேவர்கள் குழந்தைக் கண்ணனுக்கு அணிகலன்களை அனுப்புகிறார்கள். எல்லாம் தொட்டிலைச் சுற்றியே நிகழ்கிறது. குலசேகரரின் தாலாட்டிலோ தாடகை வதம், மைதிலியின் மணம், வாலி வதம், அணை கட்டியது, இலங்கையை அழித்தது ஆகிய யாவும் முடிந்த செயல்களாகப் பேசப்படுகின்றன. பரதனுக்கு அரசை அருளிக் காடு சென்றதும் அங்கே ஒரு புகழ்மொழி. தொட்டிலருகே அமர்ந்த அயோத்தி அரசி இவற்றை எங்ஙனம் அறிவாள்?

இதனினும் வலிய சான்று அத்திருமொழியின் அமைப்பிலேயே உண்டு. முதற்பாசுரமே கோசலையைப் படர்க்கையில் வைத்து, அவள் வயிற்றில் வாய்த்தவனே என்று விளிக்கிறது. பலச்ருதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏழாம் திருமொழியின் முடிவில் புலம்பியவள் தேவகி என்று ஆழ்வார் பெயர் சொல்லுகிறார். ஒன்பதாம் திருமொழியின் முடிவில் புலம்பியவன் தயரதன் என்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள எட்டாம் திருமொழியின் முடிவில் கோசலையின் பெயர் இல்லை. கணபுரத்துக் காகுத்தனும் அவன் திருவடியில் தாலாட்டுரைத்த குலசேகரருமே உளர். பிறர் வாய்மொழியாகப் பாடியவற்றில் அவ்வாறே அறிவிக்கும் ஆழ்வார், இங்கு அறிவியாதது கருதத்தக்கது. பரிவு கோசலையுடையது, குரல் ஆழ்வாருடையது.

அப்படியானால் தொட்டிலில் கிடப்பவன் யார்? திருக்கண்ணபுரத்து அர்ச்சாமூர்த்தி. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர், விபவத்தைப் பெருக்காற்றுக்கும் அர்ச்சாவதாரத்தை அதில் தேங்கிய மடுக்களுக்கும் ஒப்பிடுகிறார். வெள்ளம் வந்த காலத்தில் இருந்தவர்களுக்கே ஆறு பயன்பட்டது. மடு பிற்பட்டவர்களின் விடாயையும் தீர்க்கும். ஆற்றின் நீர் முழுவதும் கடந்த பின்னரே மடு காணப்படுதலால், அவதாரச் செயல்கள் யாவும் முடிந்தவையாகக் கணபுரத்தில் தோன்றுவதில் முரண் இல்லை. செயல்களை முடித்து நிற்பவனையே மீண்டும் குழந்தையாக்கிப் பார்ப்பது ஆழ்வாருடைய ப்ரேமத்தின் இயல்பு. கரனுடைய பதினாலாயிரம் அரக்கரோடு பெருமாள் தனித்துப் போர் புரிந்ததைக் கேட்டவுடன் இவர் சேனையைத் திரட்டினார் என்று குருபரம்பரை கூறும். கடந்த காலம் இவருக்குக் கடந்ததாக இருந்ததில்லை.

'இது கோசலையின் பாவனையே, காலமுரணைப் பொருட்படுத்த வேண்டா' என்று ஒருவர் கூறலாம். அவ்வாறு கொண்டால் அடுத்த திருமொழியின் சுவை குன்றும். வனம் சென்றது எட்டாம் திருமொழியில் பெருமை. ஒன்பதாம் திருமொழியில் அதுவே தந்தையின் உயிரைக் குடிக்கும் துயரம். நடந்து முடிந்ததை அர்ச்சையின் முன் நின்று அறிந்த ஆழ்வார், தயரதனாகும்போது அவ்வறிவைத் துறந்து தவிக்கிறார். இவ்வேறுபாடு, முன்னதில் பேசுபவர் ஆழ்வாரே என்று கொண்டால்தான் விளங்கும்.

ராமநவமியில் ஜாதகத்தை மட்டும் விரித்துரைத்து நிறுத்தினால், அது என்றோ அயோத்தியில் நிகழ்ந்த பிறப்பாகவே எஞ்சும். பிறந்த மாதமும் திதியும் முனிவர் தந்தவை. பிற்பட்ட நாமும் நின்று தாலாட்டக்கூடிய தொட்டிலைத் தந்தவர் குலசேகரர். அப்பத்தும் வல்லாரை அவர் பக்தர் என்றே பேரிட்டு முடித்தருளினார்.